காவலுக்கு வெளியே நிற்கும் மின்னேற்றம்

மின்னணுக் கருவிகளைக் கட்டுவதையும் திருத்துவதையும் விருப்பத் தொழிலாகக் கொண்டோரின் மேசையில் உயர் அழுத்த மின்வழங்கி என்பது, வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஆடலோட்ட மின்சாரத்தைப் பெற்று, அதனைப் பூச்சியத்துக்கும் ஏறத்தாழ 400 வோல்ட்டுக்கும் இடையே வேண்டிய அளவில் நிறுத்தக்கூடிய நேரோட்ட மின்சாரமாக மாற்றித் தரும் பெட்டியாகும். வால்வு எனப்படும் வெற்றிடக் குழாய்களைக் கொண்ட கருவிகள் பெரும்பாலும் 250 முதல் 450 வோல்ட் வரையான அழுத்தத்திலேயே இயங்குவதால், அத்தகைய கருவியொன்றைப் பழுதுபார்க்கவோ புதிதாகக் கட்டிச் சோதிக்கவோ முற்படுபவர் இப்பெட்டி இல்லாவிடின் கையைக் கட்டிக்கொண்டிருக்க நேரும். அம்பாறை மாவட்டக் கரையோரத்தில், கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை எனத் தொடரும் ஊர்களைக் கடந்து அக்கரைப்பற்றுக்குச் சற்று முன்னே அமைந்த அட்டாளைச்சேனையிலும் இத்தேவை புதியதன்று. இலங்கை வானொலியைக் கேட்பதற்கு வாங்கப்பட்ட வால்வு வானொலிப் பெட்டிகளும், பள்ளிவாசல்களில் பாங்குக்கும் பயானுக்கும் பயன்பட்ட வால்வு ஒலிபெருக்கிகளும், திரான்சிஸ்டர் வந்து அவற்றை ஓரங்கட்டும்வரை திருத்துவோரை நாடி வந்தன. ஓரங்கட்டப்பட்ட பின்னரும் அவற்றின் ஒலிக்காகவே அவற்றைத் தேடியெடுத்து மீள இயக்க விரும்புவோர் இல்லாமற் போகவில்லை.

அப்பெட்டியின் உறுப்புகளுள் மிகக் குறைந்த யோசனையோடு தெரிவுசெய்யப்படுவதும், தெரிவு பிழைத்தால் மிகக் கடுமையான விலையைக் கேட்பதும் வெளியீட்டு முனைகளுக்குக் குறுக்கே இணைக்கப்படும் கெப்பாசிட்டரே ஆகும். பாடநூல்களில் கொள்ளளவி என வழங்கும் இவ்வுறுப்பு, ஒன்றையொன்று தொடாத இரண்டு உலோகப் பரப்புகளுக்கிடையே மின்காப்புப் படலமொன்றை வைத்து, அப்பரப்புகளில் மின்னேற்றத்தைத் தேக்கி வைப்பது. அது தேக்கும் திறன் பரட் என்னும் அலகால் அளக்கப்படுகின்றபோதும், நடைமுறையில் வருவன அதன் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகிய மைக்ரோபரட் கணக்கிலேயே அமைகின்றன. மின்வழங்கி ஒன்றில் இது இரண்டு இடங்களில் வருகின்றது. டிரான்ஸ்போமர் உயர்த்திய அழுத்தத்தை டயோட் பாலம் ஒருதிசைப்படுத்தியதும் அதனை நிரவுவதற்காக நிற்பது முதலாவது, அதாவது சேமக் கெப்பாசிட்டர். அதற்கடுத்து, அழுத்தத்தை நிறுத்திப் பிடிப்பதும் மின்னோட்டம் வரம்பு மீறாமற் காப்பதுமான ரெகுலேட்டர் சுற்று அமைய, அதற்கும் அப்பால், வெளியே செல்லும் கம்பிகளின் வாயிலில் நிற்பது இரண்டாவது. இவ்விரண்டும் உருவத்தால் ஒன்றே எனினும் இவற்றின் கடமைகள் வேறு. ஒன்றுக்குரிய நியாயத்தை மற்றதற்கும் பொருத்திப் பார்ப்பதிலிருந்தே இத்துறையின் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன.

ரெகுலேட்டரில் 100 மில்லிஅம்பியருக்கு வரம்பிடப்பட்டிருக்கின்றது என்று கொள்ளலாம். சோதனையிலுள்ள கருவியில் ஒரு கம்பி தவறிப்போய் உலோகச் சட்டத்தைத் தொடுமாயின், வரம்புச் சுற்று நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் விழித்துக்கொண்டு மின்னோட்டத்தை 100 மில்லிஅம்பியரில் பிடித்து நிறுத்திவிடும் என்றே கட்டுபவர் எதிர்பார்க்கின்றார். ஆனால் வெளியீட்டுக் கெப்பாசிட்டரோ அந்த வரம்புச் சுற்றைக் கடந்து வெளியே நிற்கின்றது. தன்னிடமுள்ள மின்னேற்றத்தைக் கொட்டுவதற்கு அது எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. வயல்வெளியாகிய வட்டைக்கு நீர் போதும் என்று, நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையார் மதகை அடைத்துவிட்டாலும், மதகுக்குக் கீழே வாய்க்காலில் ஏற்கெனவே நிற்கும் நீர் உடைந்த வரம்பினூடாக வயலுக்குள் பாய்ந்தே தீர்வதைப் போன்றது இது. ஆகவே வெளியீட்டுக் கெப்பாசிட்டரின் பருமனைத் தெரிவுசெய்வது என்பது, காவலுக்கு வெளியே எவ்வளவு மின்னாற்றலை நிற்க விடுவது என்று தீர்மானிப்பதே ஆகும். சுற்று ஒழுங்காக இயங்குவதற்குப் போதுமான மிகச் சிறிய அளவே அங்கு இருக்கத்தக்கது என்பது இக்கட்டுரையின் துணிபு.

தேங்கிய ஆற்றலைக் கணக்கிடும் விதி எளியது: கொள்ளளவத்தை அழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்க வேண்டும். 400 வோல்ட்டில் 100 மைக்ரோபரட் 8 யூல் ஆற்றலைத் தேக்குகின்றது. 470 மைக்ரோபரட் ஏறத்தாழ 38 யூலைத் தேக்குகின்றது. 10 மைக்ரோபரட் 0.8 யூலையே தேக்குகின்றது. உயர் அழுத்தத்தோடு 10 யூலுக்கு மேற்பட்ட தேக்கம் சேருமிடத்து அதனை உயிராபத்து என்றே கருதி நடப்பது பாதுகாப்பு மரபு. கருவியின் நிலையிலிருந்து பார்த்தாலும் இவ்வேறுபாடு பெரிது. 400 வோல்ட்டில் நிற்கும் நல்ல கெப்பாசிட்டர் ஒன்று ஓர் ஓம் தடையினூடாகக் குறுக்கிடப்படும் கணத்தில் 400 அம்பியர் பாய்கின்றது. அம்மின்னோட்டம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதைக் கொள்ளளவமே தீர்மானிக்கின்றது. சிறிய மின்னேற்றம் பொறியொன்றோடு முடிந்துவிட, பெரியது அச்சுப்பலகையின் செப்புப் பாதையை ஆவியாக்கி, அளக்கும் கருவியின் முனையை உருக்கிவிட்டே அடங்கும். அதற்காக 0.8 யூல் தீங்கற்றது என்று எண்ணிவிடலாகாது. கெப்பாசிட்டர் சிறிதாயிருந்தாலும் ரெகுலேட்டர் தரும் 100 மில்லிஅம்பியரே மனித உடலுக்கு மிகையானது என்பதை மறப்பதற்கில்லை.

இவ்வளவும் தெரிந்திருந்தும் பெரிய கெப்பாசிட்டரை வெளியீட்டில் வைக்கும் வழக்கம் ஏன் நிலைத்தது என்பதற்குக் காரணம் உண்டு. ஒலிபெருக்கியில் எழும் உறுமல் ஒலியைத் தணிப்பதற்கு மேலும் ஒரு கெப்பாசிட்டரை இணைத்துப் பார்ப்பதே திருத்துவோர் முதலிற் கற்கும் வித்தை. சேமக் கெப்பாசிட்டரைப் பொறுத்தவரை அவ்வித்தை சரியானதுமாகும். 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தை முழு அலையாக ஒருதிசைப்படுத்தும்போது நொடிக்கு 100 தடவை மின்னேற்றம் நிரம்புகின்றது. இரண்டு நிரம்பலுக்கிடைப்பட்ட நூறில் ஒரு நொடியில் 100 மில்லிஅம்பியர் எடுக்கப்பட்டால் 100 மைக்ரோபரட்டில் அழுத்தம் 10 வோல்ட் அளவுக்கு இறங்கி ஏறும். 200 மைக்ரோபரட் ஆக்கினால் அந்த ஏற்ற இறக்கம் பாதியாகும். சேமக் கெப்பாசிட்டர் ரெகுலேட்டருக்கு உட்புறத்தே, காவலுக்குள்ளே இருப்பதால் அங்கு தாராளம் காட்டலாம். வெளியீட்டிலோ உறுமலை நீக்கும் பொறுப்பு ரெகுலேட்டருடையது. கெப்பாசிட்டருக்கு எஞ்சியிருப்பது ரெகுலேட்டர் எட்டிப்பிடிக்க இயலாத வேகத்தில் நிகழும் மாற்றங்களைத் தாங்குவது மட்டுமே.

அதற்கு எவ்வளவு தேவை என்பதையும் கணக்கிட்டே சொல்லலாம். சோதனையிலுள்ள ஒலிபெருக்கி திடீரென்று 50 மில்லிஅம்பியரை மேலதிகமாக இழுக்கின்றது என்றும், அதனை உணர்ந்து ஈடுசெய்ய ரெகுலேட்டருக்கு 50 மைக்ரோசெக்கன் செல்கின்றது என்றும் வைத்துக்கொண்டால், அவ்விடைவெளியில் 1 மைக்ரோபரட் கெப்பாசிட்டரின் அழுத்தம் 2.5 வோல்ட்டும், 10 மைக்ரோபரட்டின் அழுத்தம் கால் வோல்ட்டும் இறங்கும். 400 வோல்ட்டில் கால் வோல்ட் இறக்கம் எந்த வால்வுச் சுற்றையும் உறுத்தாது. தவிரவும், சோதனைக்கு வரும் கருவி பெரும்பாலும் தனக்குரிய நிரவற் கெப்பாசிட்டர்களைத் தன்னுள்ளே கொண்டிருக்கும். எனவே, 400 வோல்ட், 100 மில்லிஅம்பியர் வகையைச் சேர்ந்த வழங்கிக்கு, அதாவது அமெரிக்காவின் ஹீத்கிட் நிறுவனம் ஐபி-17 என்ற பெயரில் விற்ற கட்டுத்தொகுதியால் விருப்பத் தொழிலாளரிடையே பரவிய அளவுக்கு, வெளியீட்டில் 1 முதல் 10 மைக்ரோபரட் போதும் என்று துணிந்து கூறலாம். அந்த 10 மைக்ரோபரட்டோடு தொடராக ஓரிரு ஓம் கம்பிச்சுற்றுத் தடையி ஒன்றை வைப்பது மேலும் நன்று. ஏனெனில், குறுக்கிடும் கணத்தின் உச்ச மின்னோட்டத்தை அது மட்டுப்படுத்துவதோடு, தடையே இல்லாத கெப்பாசிட்டரைக் கண்டால் தாமாக அலைவுறத் தொடங்கும் சில ரெகுலேட்டர் சுற்றுகளையும் அது அமைதிப்படுத்துகின்றது.

பெரிய கெப்பாசிட்டருக்கு எதிரான இன்னுமொரு காரணம் ரெகுலேட்டரின் உள்ளேயே உள்ளது. அழுத்தத்தைக் கூட்டும்போது மின்னேற்றத்தை ரெகுலேட்டர் தந்துவிடும். குறைக்கும்போதோ அம்மின்னேற்றம் வடிந்து செல்வதற்கு வழியில்லை, ஏனெனில் இவ்வகை ரெகுலேட்டர்கள் கொடுக்க வல்லனவேயன்றித் திருப்பி எடுக்க வல்லனவல்ல. மொஸ்பெட் எனப்படும் திரான்சிஸ்டர் வகை கொண்டு கட்டிய வழங்கியில், குமிழைச் சட்டென்று 400 இலிருந்து 100 க்குத் திருப்பினால், கட்டுப்பாட்டுச் சுற்று அதன் கேட் முனையைக் கீழே இழுக்க, அதன் சோர்ஸ் முனையோ வெளியீட்டுக் கெப்பாசிட்டரோடு ஒட்டிக்கொண்டு 400 வோல்ட்டிலேயே நிற்கின்றது. அவ்விரு முனைகளுக்குமிடையே பெரும்பாலான மொஸ்பெட்கள் தாங்குவது 20 வோல்ட் மட்டுமே ஆகையால், அந்தக் கணத்திலேயே அது துளையுண்டு, உள்ளுக்குள் குறுக்கிட்டு, முழு அழுத்தத்தையும் வெளியே விட்டுவிடுகின்றது. கேட்டுக்கும் சோர்ஸுக்குமிடையே 12 அல்லது 15 வோல்ட் சீனர் டயோட் ஒன்றும், வெளியீட்டிலிருந்து உட்புறம் நோக்கிய காப்பு டயோட் ஒன்றும் இதற்கான மருந்து. நஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் மைடா 1980 இல் எழுதிய குறிப்பின் வழிவந்த, எல்.எம். 317 என்னும் சிறு ரெகுலேட்டரை உயர் அழுத்தத்தின் மேல் மிதக்க விட்டு, பெரும் வேறுபாட்டை அதற்கு முன்னே நிற்கும் திரான்சிஸ்டரிடம் ஒப்படைக்கும் சுற்றுகளிலும் இக்காப்புகள் விலக்கத்தக்கனவல்ல. சுற்றுப்படத்தில் ஓரமாகத் தெரியும் அந்த டயோட்களை மிச்சம் பிடிக்க நினைப்போருக்கு அச்சிறு சில்லு ஒரேயொரு தடவைதான் உழைக்கும்.

மொஸ்பெட் துளையுண்டால் முழு அழுத்தமும் வெளியே வரும் என்பதிலிருந்தே வெளியீட்டுக் கெப்பாசிட்டரின் அழுத்தத் தரம் எவ்வளவாக இருக்க வேண்டும் என்னும் வினாவுக்கும் விடை கிடைக்கின்றது. குமிழ் 400 வோல்ட்டோடு நின்றுவிடுகின்றது என்பதற்காக 400 வோல்ட் எனப் பொறித்த கெப்பாசிட்டரை வைப்பது தவறு. இலங்கையில் 230 வோல்ட் மின்சாரம் 6 சதவீதம் கூடவோ குறையவோ அனுமதிக்கப்பட்டிருப்பதால் அது சட்டப்படியே 244 வோல்ட்டுக்கு உயரலாம். 300 வோல்ட் இரண்டாம் சுருளைக் கொண்ட டிரான்ஸ்போமர் அப்போது 318 வோல்ட் தரும். சுமை இல்லாதபோது மேலும் பத்து சதவீதம் உயர்ந்து 350 வோல்ட் ஆகும். ஆடலோட்டத்தின் உச்சம் அதன் 1.414 மடங்காகையால் டயோட் பாலத்துக்கு அப்பால் நிற்கும் அழுத்தம் 495 வோல்ட் வரை செல்லும். ரெகுலேட்டர் பழுதடையும் நாளில் வெளியீட்டுக் கெப்பாசிட்டர் சந்திக்க வேண்டியது இந்த 495 வோல்ட்டையே. 450 வோல்ட் தரமுடையது அன்று மேல்மூடி பிதுங்கி ஆவி கக்கும். 630 வோல்ட் தரமுடைய பிளாஸ்டிக் படலக் கெப்பாசிட்டர் சலனமின்றி நிற்கும்.

இவ்விடத்தில் வகைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியுள்ளது. அலுமினியத் தகட்டின் மேல் வேதிமுறையால் வளர்க்கப்பட்ட ஒட்சைட்டுப் படலத்தையே மின்காப்பாகக் கொண்டு, ஈரமான மின்பகு திரவத்தை மறு தகடாகப் பயன்படுத்தும் மின்பகு கெப்பாசிட்டர் சிறிய உருவில் பெரிய கொள்ளளவத்தைத் தருவது. ஆனால் காலத்தால் உலர்வது, கசிவது, 500 வோல்ட்டுக்கு மேல் பொதுவாகக் கிடைக்காதது. பொலிபுரொப்பிலீன் படலத்தின் மேல் மிக மெல்லிய உலோகப் பூச்சைப் படியவைத்துச் சுருட்டிய படலக் கெப்பாசிட்டர் உருவிற் பெரியது. ஆயினும் உலர்வதற்கு அதில் ஈரம் இல்லை, எத்திசையிலும் இணைக்கலாம், படலத்தில் ஓரிடம் பழுதுபட்டால் அவ்விடத்து உலோகப் பூச்சு ஆவியாகி விலகிப் பழுது தானே ஆறிவிடும். செரமிக் வகையில் பெருங் கொள்ளளவம் காட்டும் பொருள்கள் அழுத்தம் ஏறஏறத் தம் கொள்ளளவத்தில் பாதிக்கு மேலும் இழக்கக்கூடியன. அவற்றை வெளியீட்டில் நம்பியிருப்பது வீண், சிறு அளவில் உயர் அதிர்வெண் இரைச்சலைத் தடுப்பதற்கு மட்டும் அவை உதவும்.

நல்ல படலக் கெப்பாசிட்டரைத் தேடி அட்டாளைச்சேனையிலிருந்து கொழும்புக்குச் செல்ல வேண்டியதில்லை என்பதே பலர் கவனியாத செய்தி. கரையோர மணல் நிலத்தில் வீட்டுக்கு வீடு கிணறும் அதில் தண்ணீர் மோட்டரும் உண்டாகையால், மோட்டர் உதிரிப்பாகம் விற்கும் எந்தக் கடையிலும் மோட்டர் கெப்பாசிட்டர் கிடைக்கும். மின்விசிறிக்குரிய சிறியவையும் அங்கேயே கிடைக்கும். வெள்ளை அல்லது சாம்பல் நிறப் பிளாஸ்டிக் உருளையில் சி.பி.பி. 60 என்றும், 10 மைக்ரோபரட், 450 வோல்ட் ஆடலோட்டம் என்றும் பொறித்து வருபவை பொலிபுரொப்பிலீன் படலக் கெப்பாசிட்டர்களே. மோட்டர் ஓடும் நேரம் முழுவதும் நொடிக்கு 100 தடவை ஏறத்தாழ 636 வோல்ட் உச்சத்தைத் தாங்குவதற்காக அவை செய்யப்பட்டிருப்பதால், அசையாது நிற்கும் 400 அல்லது 500 வோல்ட் நேரோட்டம் அவற்றுக்கு இலகுவான பணி. விசிறிக்குரிய சி.பி.பி. 61 கட்டிகள் 2.5 மைக்ரோபரட் போன்ற அளவுகளில் வருவதால், அவற்றுள் இரண்டு மூன்றைச் சமாந்தரமாக இணைத்து வேண்டிய அளவைப் பெறலாம். ஆனால் அதே கடையின் அதே தட்டில் சி.டி. 60 எனப் பொறித்த கறுப்பு உருளைகளும் இருக்கும். அவை மோட்டரைத் தொடக்கி வைப்பதற்கு ஓரிரு செக்கன் மட்டும் உழைக்கவேண்டிய மின்பகு வகையின. அவற்றைத் தொடர்ச்சியாக அழுத்தத்தில் நிறுத்தினால் சூடேறி வெடிக்கும். கடைக்காரருக்கு இரண்டும் மோட்டர் கெப்பாசிட்டரே ஆகையால், கேட்டு வாங்குவதைவிடப் பொறிப்பைத் தாமே வாசித்து வாங்குவது நலம். கைவிடப்பட்ட இண்டக்சன் அடுப்புகளின் பலகையில் 5 மைக்ரோபரட் அளவில் நிற்கும் சதுரக் கட்டியும் இவ்வகையினதே; அதன் மேற்பொறித்த நேரோட்டத் தரத்தைப் பார்த்தபின் எடுக்கத்தக்கது.

சேமக் கெப்பாசிட்டருக்கோ மின்பகு வகையைத் தவிர்க்க முடியாது. இங்கு பலர் நாடுவது பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிகளின் பலகையிலிருந்து கழற்றிய 400 வோல்ட், 220 மைக்ரோபரட் போன்றவற்றையே. கழற்றியதைப் பொருத்துமுன் செய்யும் சோதனை, கைவேலையில் தேர்ந்தோரின் பொறுமை வெளிப்படும் இடமாகும். முதலில் மேல்மூடியின் கீறல் தட்டையாக இருக்கின்றதா, அடிப்புற இறப்பர் பிதுங்கியுள்ளதா, கால்களின் அருகே பச்சை பூத்து மீன்வாடை போன்ற புளித்த மணம் வீசுகின்றதா என்று பார்க்க வேண்டும். பற்றரியில் இயங்கும் கொள்ளளவ மானி நல்ல அளவைக் காட்டினாலும் அது ஓரிரு வோல்ட்டில் எடுத்த சாட்சியம். 400 வோல்ட்டைப் பற்றி அது எதுவும் கூறாது. எனவே 47 கிலோஓம் தடையி ஒன்றைத் தொடராக இணைத்து, வழங்கியிலிருந்து முதலில் 50 வோல்ட் கொடுத்து, தடையியின் இரு முனைகளிலும் வோல்ட்மானியை வைக்க வேண்டும். அங்கு 4.7 வோல்ட் தெரிந்தால் கெப்பாசிட்டரினூடே கசியும் மின்னோட்டம் 100 மைக்ரோஅம்பியர் என்று பொருள். நெடுநாள் சும்மா கிடந்த கெப்பாசிட்டரில் அந்த அளவு முதலில் அதிகமாயிருந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கும்; ஒட்சைட்டுப் படலம் தன் மெலிந்த இடங்களை மீள வளர்த்துக்கொள்வதன் அடையாளம் அது. இறங்கி நின்றபின் மேலும் 50 வோல்ட் ஏற்றி, மீண்டும் இறங்கும்வரை காத்திருந்து, இவ்வாறு படிப்படியாக முழு அழுத்தத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 1.4 நனோமீற்றர் தடிப்பு என்னும் கணக்கில், 400 வோல்ட்டைத் தாங்கும் படலம் அரை மைக்ரோமீற்றரைச் சற்றே கடந்த தடிப்புடையது. அது அவசரத்தில் வளர்வதில்லை. எந்தப் படியிலாவது அளவு இறங்காமல் நின்றாலோ, ஏறத் தொடங்கினாலோ, விரலில் உருளையின் சூடு தெரிந்தாலோ அதனை வைத்துக்கொள்வதில் பயனில்லை. புதிதாக வாங்கியவற்றுக்கும் இச்சோதனை பொருந்தும். பெரிய உறைக்குள் சிறிய கெப்பாசிட்டரை வைத்து மூடி, புதிய பொறிப்போடு விற்கப்படும் போலிகள் உலகெங்கும் சுற்றுவதை மின்னணுத் துறையினர் நன்கறிவர்.

மேலே கண்ட 495 வோல்ட்டுக்கு 450 வோல்ட் உருளை ஒன்று போதாமையால் இரண்டைத் தொடராக இணைக்க நேர்கின்றது. அப்போது அழுத்தம் இரண்டுக்கும் சமமாகப் பங்கிடப்படும் என்று நம்புவதற்கு ஆதாரமில்லை. மின்பகு கெப்பாசிட்டர்கள் பொறித்த அளவிலிருந்து 20 சதவீதம் விலகலாம் என்பதால், 100 என்று பொறித்த இரண்டில் ஒன்று 80 ஆகவும் மற்றது 120 ஆகவும் இருக்கக்கூடும்; தொடரிணைப்பில் சிறியதே பெரிய பங்கைத் தாங்குவதால் அழுத்தம் 60 க்கு 40 என்று பிரியும். 495 வோல்ட்டில் அது 297 உம் 198 உம் ஆகி ஆபத்தின்றிக் கழியும். ஆனால் அனுப்பி வால்வுகளுக்காக 800 வோல்ட் வழங்கி கட்டுபவரின் சுற்றில் ஒன்று 480 வோல்ட்டைச் சுமக்க நேர்ந்து, 450 என்ற எல்லை கடக்கப்படும். மின்னேற்றம் நிரம்பிய பின்னர் பங்கீட்டைத் தீர்மானிப்பது கசிவு மின்னோட்டம். அதனைச் சீர்செய்ய ஒவ்வொன்றுக்கும் குறுக்கே சமநிலைத் தடையி வைக்கப்படுகின்றது. அத்தடையியினூடே செல்லும் மின்னோட்டம் கசிவைவிடச் சில மடங்கு அதிகமாக இருந்தாலே அதன் சொல் எடுபடும் என்பதால், 100 கிலோஓம், 2 வாட் என்பது இங்கு பொருத்தமான தெரிவு. சிறிய தடையிகளுக்கு வெப்பத் தரத்தைப் போலவே அழுத்தத் தரமும் உண்டு என்பது அடிக்கடி மறக்கப்படுகின்றது; கால் வாட் தடையி பொதுவாக 250 வோல்ட்டுக்கு மேற்பட்டதைத் தாங்கும்படி செய்யப்படுவதில்லை.

இக்கரையின் காலநிலையும் கணக்கில் சேர வேண்டும். மின்பகு கெப்பாசிட்டரின் ஆயுள், வெப்பநிலை 10 பாகை குறையுந்தோறும் இரு மடங்காகும் என்பது நடைமுறை விதி. 105 பாகையில் 2000 மணித்தியாலம் என்று பொறித்தது 65 பாகையில் 32,000 மணித்தியாலம் உழைக்கும். 85 பாகைத் தரமுடையது அதே 65 பாகையில் 8,000 மட்டுமே. கச்சான் காற்று வீசும் உலர் மாதங்களில் அறையே 35 பாகையைத் தொடும்போது பெட்டிக்குள் 60 பாகை என்பது மிகையன்று. விலையில் சிறிதே வேறுபடும் 105 பாகைத் தரத்தை விட்டுவிட்டு 85 ஐ வாங்குவதற்கு நியாயம் காண்பது கடினம். மாரியில் வாடையோடு வரும் உப்பு ஈரம் வேறு வகையில் வேலை செய்கின்றது. கடலிலிருந்து வரும் உப்புத் தூசி பலகையின் மேல் கண்ணுக்குப் புலப்படாத படலமாகப் படிந்து, ஈரத்தை உறிஞ்சி, 400 வோல்ட்டுக்கும் பூச்சியத்துக்குமிடையே கடத்தும் பாதையாகின்றது. கரிந்த கோடொன்று கெப்பாசிட்டரின் கால்களுக்கிடையே ஓடிக் கிடப்பதைக் கண்டு கெப்பாசிட்டரைக் குற்றஞ்சாட்டுவோர் பலர். கால்களிடையே 10 மில்லிமீற்றருக்குக் குறையாத இடைவெளி விட்டு, பற்றவைத்த இடங்களை மதுசாரத்தால் துடைத்து, வார்னிஷ் பூசிவிடுவது இங்கு ஆடம்பரமன்று.

மின்வெட்டு இன்னொரு பாடத்தைக் கற்பித்தது. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்ட காலத்தில், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே விளக்குகள் அணைவதும், மின்சாரம்தான் இல்லையே என்ற எண்ணத்தில் கைகள் தாமாகவே சுற்றினுள் செல்வதும் இயல்பாகிவிட்டன. மின்சாரம் நின்றாலும் கெப்பாசிட்டர்கள் நிற்பதில்லை. வடிவதற்கு வழி வைக்கப்படாதவை மணிக்கணக்கில் ஆபத்தான அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே நிரந்தரமாக இணைக்கப்பட்ட வடிதடையி ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் கட்டாயம். வெளியீட்டிலுள்ள 10 மைக்ரோபரட்டுக்குக் குறுக்கே 100 கிலோஓம் இருப்பின், 400 வோல்ட் இரண்டு செக்கனுக்குள் 60 வோல்ட்டுக்கு இறங்கும். அதே தடையியோடு 100 மைக்ரோபரட் இருந்தால் 19 செக்கன் ஆகும். அத்தடையி 1.6 வாட் வெப்பத்தை வெளிவிடுவதால் 5 வாட் தரமுடையது தேவை. முன்பக்க விளக்கு மின்சார உள்ளீட்டில் இணைக்கப்பட்டிருந்தால் அது மின்வெட்டோடு அணைந்து பொய் சொல்லும். அதற்குப் பதிலாக நியோன் விளக்கொன்றை 220 கிலோஓம் தடையியோடு வெளியீட்டு முனைகளுக்குக் குறுக்கே வைத்தால், ஏறத்தாழ 60 வோல்ட்டுக்கு மேல் மின்னேற்றம் எஞ்சியிருக்கும்வரை அது ஒளிர்ந்துகொண்டிருக்கும். சேமக் கெப்பாசிட்டருக்கும் அதைப் போன்ற வேறொன்று வேண்டும். விளக்கு அணைந்தபின்னரும் வோல்ட்மானியால் தொட்டுப் பார்ப்பதும், எஞ்சியிருப்பதை ஸ்குரூட்ரைவரால் குறுக்கிடாமல் 2.2 கிலோஓம், 10 வாட் தடையி பொருத்திய காப்புக் கம்பியால் வடிப்பதும் கைப்பழக்கமாக வேண்டும்.

அமெச்சூர் வானொலியாளர் பெரும் திறனுள்ள அனுப்பிக்காகக் கட்டும் 3000 வோல்ட் வழங்கிகளில் இதே நியாயங்கள் பன்மடங்காகின்றன. 450 வோல்ட், 220 மைக்ரோபரட் உருளைகள் எட்டைத் தொடராக இணைத்தால் கிடைப்பது 27.5 மைக்ரோபரட் மட்டுமே. ஆனால் அதில் தேங்குவது 124 யூல். அங்கு வெளியே செல்லும் கம்பியில் 10 முதல் 50 ஓம் வரையான தடித்த கம்பிச்சுற்றுத் தடையி இல்லாமல், வால்வுக்குள் ஒருமுறை பொறி பாய்ந்தாலும் வால்வு மிஞ்சாது. அத்தகைய வழங்கிக்காகப் பழைய எண்ணெய்க் கெப்பாசிட்டர்களைத் தேடுவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 1970 களின் இறுதிவரை செய்யப்பட்ட எண்ணெய்க் கெப்பாசிட்டர்களில் பொலிகுளோரினேற்றிய பைபீனைல் என்னும் நச்சுத் திரவம் பரவலாக நிரப்பப்பட்டிருந்தது. 2001 இல் ஏற்கப்பட்டு 2004 இல் நடைமுறைக்கு வந்த ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை ஒழிக்க முனையும் பொருள்களில் அதுவும் ஒன்று. அப்பொருள் இல்லை என்று உறையில் எழுதப்படாத பழைய கெப்பாசிட்டரைத் திறக்கவோ, கசிவதைக் கையால் தொடவோ, குப்பையோடு எரிக்கவோ கூடாது. நுண்ணலை அடுப்புகளிலிருந்து கிடைக்கும், 2100 வோல்ட் ஆடலோட்டத் தரமும் ஒரு மைக்ரோபரட்டை அண்டிய அளவும் கொண்டவை பெரும்பாலும் பிற்காலத்தவை. பொதுவாக உள்ளேயே வடிதடையி உடையவை. எனினும் அத்தடையி அறுந்துபோயிருக்கலாம் என்றெண்ணியே அவற்றைக் கையாள வேண்டும். எண்ணெய்க் கடதாசி வகைகளும் மின்பகு வகைகளும், வடித்து விட்டபின் சிறிது நேரத்தில் காப்புப் படலத்துள் உறைந்திருந்த மின்னேற்றத்தால் தாமாகவே மீண்டும் அழுத்தம் ஏறும் இயல்புடையனவாகையால், பெட்டியில் வைத்திருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களின் இரு முனைகளையும் செப்புக் கம்பியால் சேர்த்துக் கட்டியே வைக்க வேண்டும். கெப்பாசிட்டரைச் சுற்றில் பொருத்தும் வேளையில்தான் அக்கம்பியை அவிழ்க்க வேண்டும்.